எல்லாத்துக்கும் 'ஆமா' சொன்ன பையன்: ஆத்தங்குடியில ஏழு மாசம்

அம்மா அப்பா ரெண்டு பேரோட சம்மதத்தோடதான் இத எழுதுறேன். பேரு வேணாம், தம்பின்னே சொல்றேன். வயசு 11, ஊரு ஆத்தங்குடி. அப்பா டைல் பட்டறையில வேலை பாக்குறாரு, அம்மா வீட்டுலயே சீப்பு சீடை, மனகோலம், தேன்குழல்னு போட்டு காரைக்குடி கடைகளுக்குக் கொடுக்குறாங்க, கூட அப்பத்தாவும் 8 வயசுல ஒரு தங்கச்சியும். தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். நான் சிறப்பாசிரியர், இந்தச் சுத்துவட்டாரத்துல வீட்டுக்கே போயி சொல்லிக் கொடுக்குற வேலை.

ஆனி மாசம் முதல் தடவ போனப்ப தம்பி திண்ணையில கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அம்மா சொன்ன முதல் வார்த்தையே "தங்கமான புள்ள டீச்சர், எதுக்கும் மறுத்துப் பேச மாட்டான்". பள்ளிக்கூடத்துல இருந்தும் அதேதான் சொல்லி அனுப்பியிருந்தாங்க, அமைதியானவன், சொன்னா கேப்பான்னு. நான் பக்கத்துல உக்காந்து சாப்டியான்னு கேட்டேன், ஆமா. இட்லியா? ஆமா. தோசையா? ஆமா. சரி பாப்போம்னு யானை மேல ஏறி ஸ்கூலுக்குப் போனியான்னு கேட்டேன். ஆமான்னுட்டு சிரிச்சான். அம்மாவும் சிரிச்சாங்க, அப்புறம் அவங்க மொகம் மாறிருச்சு, "அப்ப இத்தன நாளு வகுறு வலிக்குதான்னு நான் கேட்டதுக்கெல்லாம் அவன் சொன்னது?"ன்னு என்னையே பாத்தாங்க. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. இந்த ஏழு மாசமும் அந்தக் கேள்வியிலேர்ந்து வந்ததுதான்.

பின்னணிய சுருக்கமா சொல்லிடுறேன். 21வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்குறதுதான் டவுன் சிண்ட்ரோம், 1959லயே கண்டுபிடிச்சது. யாரோட சாபமும் இல்ல, கர்ப்பத்துல கிரகணம் பாத்ததும் காரணம் இல்ல. அப்பத்தாகிட்ட இத மூணு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு, மூணாவது தடவ அவங்க அழுதாங்க, 11 வருசமா மருமகளத் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. சான்றிதழ்ல மிதமான அறிவுசார் குறைபாடுன்னு போட்டிருக்கு, ஐ.க்யூ 35லேர்ந்து 49 வரைக்கும் இருந்தா அந்தப் பேருல வரும். தன் வேலையத் தானே எவ்வளவு பாத்துக்குறான்னு அளக்குற வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுல அவன் கிட்டத்தட்ட 5 வயசுப் புள்ள மாதிரி. சட்ட தானே போட்டுக்குவான், தட்டக் கழுவி வைப்பான், 10 ரூவா நோட்டு தெரியும், காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலுக்கு வழி காட்டுவான். பேச்சு மட்டும் ரெண்டு சொல்லு, மிஞ்சிப்போனா மூணு சொல்லு.

எம்.டி.பி.எஸ்.னு நாங்க வழக்கமாப் போடுற சென்னை மதிப்பீட்டு முறையில 18 பகுதி, ஒவ்வொண்ணுலயும் 20 உருப்படி. புரிஞ்சுக்குற மொழி ஒரு பகுதி, வெளிப்படுத்துற மொழி இன்னொரு பகுதி. தம்பிக்கு மொதல் பகுதியில நல்ல மார்க், ரெண்டாவதுல கம்மி, டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்ககிட்ட இந்த ஏத்த எறக்கம் அடிக்கடி பாக்குறதுதான். ஆனா ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பேசுறது இருக்கே, அது அந்தப் பட்டியல வச்சு எனக்குப் பிடிபடல. பேரு சொல்லுவானா, சொல்லுவான். படம் காட்டினா பேரு சொல்லுவானா, சொல்லுவான். அவனா வந்து ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லுவானா, சொன்னத அவுங்க புரிஞ்சுக்கலன்னா என்ன செய்வான், அவனுக்குப் புரியலன்னா என்ன செய்வான்? இதத்தான் நான் பாக்கணும்.

அதனால போன எடுத்து அடுப்படிக்குப் பக்கத்துல சாத்தி வச்சுட்டு, மாவு பிசையுற நேரத்துல நாங்க நாலு பேரும் சும்மா பேசிக்கிட்டு இருந்தத 12 நிமிசம் வீடியோ எடுத்தேன். ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணினேன். பெரியவங்க நாங்க மூணு பேரும் சேர்ந்து அவன்கிட்ட கேட்ட கேள்வி 74. அவன் ஆமா, ம் சொன்னது 41. அவனா ஆரம்பிச்ச பேச்சு 2, ரெண்டும் "பஸ் வந்துருச்சு". புரியாதப்ப திருப்பிக் கேட்டது ஒண்ணு கூட இல்ல. 74 கேள்வியில பாதிக்கு மேல எங்களுக்கு ஏற்கெனவே பதில் தெரிஞ்ச கேள்வி, இது என்ன கலரு, அது என்ன, இது யாரு, சொல்லு சொல்லு. கேட்டுட்டு ஒரு நொடி கூட நிக்கல, அதுக்குள்ள அடுத்த கேள்வி. இதுல நானும் சேர்த்தி, எனக்கும் அதேதான் பழக்கம். அவனுக்குப் பேசத் தெரியலன்னு எழுதி வச்சிருந்தோம், அந்த வீடியோவப் பாத்தா பேசுறதுக்கு அவனுக்கு எடமே இல்ல.

காது

பேச்சுக்கு முன்னாடி காது. இத நான் எங்க போனாலும் சொல்றேன், இன்னொரு தடவையும் சொல்றேன். தம்பிக்கு 4 வயசுல ஒரு எடத்துல கைதட்டிப் பாத்துட்டு திரும்புறான், காது நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, அந்தக் காகிதத்த நம்பி 7 வருசம் போச்சு. டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்களுக்குக் காதுக்குழாய் குறுகலா இருக்கும், மூக்குக்குப் பின்னாடியிருந்து நடுக்காதுக்குப் போற குழாயும் சரியா வேலை செய்யாது, அதனால உள்ள நீர் கட்டிக்கிட்டே இருக்கும். கைதட்டுற சத்தம் கேக்கும், மெல்லிசான எழுத்துங்க கேக்காது. ஒரு வாரம் கேக்கும், சளி பிடிச்சா அடுத்த வாரம் கேக்காது.

தமிழ்ல ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வி முழுக்க கடைசில வர்ற ஒரு 'ஆ'லதான் நிக்குது. அம்மா வந்துட்டாங்க, அம்மா வந்துட்டாங்களா, கடைசி ஒலி போச்சுன்னா ரெண்டும் ஒண்ணு. கேள்விக் கொரலு ஏறுறத மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆமான்னு சொல்லி வச்சா எல்லாரும் சந்தோசப்படுறாங்கன்னு அவன் கத்துக்கிட்டிருக்கான்னு நெனைக்கிறேன். இது என் கணிப்பு, நிரூபிச்சது இல்ல. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிப் போயி டெஸ்ட் எடுத்ததுல ரெண்டு காதுலயும் நீர். மருந்து கொடுத்து 3 மாசம் பாத்துட்டு அடுத்தது முடிவு பண்ணலாம்னாரு. எடது காது தேறுச்சு, வலது இன்னும் அப்படியே இருக்கு, அதனால எல்லாரும் அவன் எடது பக்கம் உக்காந்து, மொகத்தப் பாத்து, மிக்ஸிய நிப்பாட்டிட்டுப் பேசுறதுன்னு வச்சோம்.

பெரியவங்களுக்குப் பாடம்

மொத ஒரு மாசம் தம்பிக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல. வீட்டுல உள்ளவங்களுக்குத்தான். கேள்விய பாதியாக் கொறைங்க, பாக்குறதச் சொல்லுங்க, சொல்லிட்டு நில்லுங்க. "இது என்ன?"ன்னு கேக்காம "எண்ணெய் காஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டு அவன் மொகத்தப் பாருங்க. அம்மாவுக்கு இது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, மௌனமா நின்னா புள்ளைய கவனிக்காம விட்ட மாதிரி இருக்குங்குறாங்க. 1970கள்ல அமெரிக்காவுல வகுப்பறைகள எண்ணிப் பாத்தப்ப வாத்தியாருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் பொறுத்திருக்காங்க, 3 நொடி பொறுத்தாலே புள்ளைங்க பதில் நீளமாச்சுன்னு கண்டாங்க, அது குறைபாடு இல்லாத புள்ளைங்களுக்கே அப்படின்னு சொன்னேன். தலைய ஆட்டுனாங்க, ஆனா மாறல. அப்பத்தாதான் சட்டுன்னு பிடிச்சாங்க. "ஏத்தா, வெள்ளப் பணியாரம் ஊத்துற, அது தானா எந்திரிச்சு வர்ற வரைக்கும் கரண்டியப் போடுவியா? போட்டா பிஞ்சு போகாது? அதேதான் டீச்சரு சொல்லுது." அன்னைலேர்ந்து அந்த வீட்டுல அதுக்குப் பேரே 'பணியாரம்'. அம்மா அவசரப்பட்டா அப்பத்தா வாசல்லேர்ந்து "பணியாரம், பணியாரம்"னு கொரல் கொடுப்பாங்க. நான் 5 வரைக்கும் மனசுல எண்ணச் சொன்னேன், தம்பிக்கு சில சமயம் 8, 9 கூட ஆச்சு. அவன் வாயத் தெறக்க எடுத்துக்குற நேரம் அது, அத நாங்க யாரும் அதுவரைக்கும் கொடுத்ததே இல்ல.

மூணாவது வாரம், அம்மா சும்மா மாவு தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப, அவனா "அம்மா, கை வலி"ன்னான். யாருக்கு வலி, அவனுக்கா அம்மாவுக்கான்னு அம்மாவுக்குப் புரியல. அவன் அம்மாவோட மணிக்கட்டத் தொட்டுக் காமிச்சான். அம்மா எனக்குப் போன் பண்ணி அஞ்சு நிமிசம் பேசவே இல்ல, அழுகைதான் கேட்டுச்சு.

'எது?'

அடுத்ததுதான் இந்த வேலையோட உசுரு. புரியலன்னு சொல்லக் கத்துக் கொடுக்குறது. அறிவுசார் குறைபாடு இருக்குறவங்க புரியாத கேள்விக்கு ஆமான்னு சொல்லித் தப்பிச்சுக்குறது உலகம் பூரா பதிவானது, ஆய்வு பண்றவங்க நேர்ல கேள்வி கேட்டே இத 1980கள்லேர்ந்தே கவனிச்சு வச்சிருக்காங்க. இது சின்ன விஷயம் இல்ல. நாளைக்கு ஒரு டாக்டர் வலிக்குதான்னு கேப்பாரு, ஒரு தெரியாத ஆளு கூட வர்றியான்னு கேப்பான், ரெண்டுக்கும் ஆமா. புள்ளைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காக்குற போக்சோ சட்டம் 2012ல, தேவைப்பட்டா குறைபாடுள்ள புள்ளையோட வாக்குமூலம் எடுக்க சிறப்பாசிரியரோட உதவியையோ, அந்தப் புள்ளையோட பேச்சுமுறை தெரிஞ்சவங்க உதவியையோ வாங்கலாம்னே எழுதியிருக்கு. அந்த எடத்துல நான் போயி உக்காந்தாலும் புள்ள எல்லாத்துக்கும் ஆமா சொன்னா நான் என்ன உதவி பண்ண முடியும்?

எங்க ஆரம்பிச்சேன்னா அப்பாவோட பட்டறையில. ஆத்தங்குடி டைல் போடுறத பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணாடிய அடியில வச்சு, அதுமேல பூ அச்ச வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கலர் சிமெண்ட்ட கரண்டியால ஊத்துவாங்க, அப்புறம் அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு, காஞ்சதும் தண்ணியில ஊற வைப்பாங்க. பேசப் பழகுறதுக்கு இதவிட நல்ல எடம் எனக்குக் கெடைக்காது. ரெண்டு பேரு வேணும், ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியணும், வேலை அங்கயே கண்ணுக்கு முன்னாடி நடக்குது. அப்பா அவன்கிட்ட "அந்தக் கரண்டிய எடு"ம்பாரு, அங்க செகப்புல ஒண்ணு, பச்சையில ஒண்ணு, ரெண்டு கெடக்கும். முன்னாடி கையில கெடச்சத எடுத்துக் கொடுத்துருவான். இப்ப அவன் கை நீட்டும்போதே நான் பின்னாடிலேர்ந்து மெதுவா "எது?"ன்னு சொல்லித் தருவேன், அவன் "எது?"ம்பான், அப்பா உடனே "செகப்பு"ம்பாரு. அந்த உடனேங்குறது முக்கியம். அவன் கேட்டா காரியம் நடக்குதுன்னு அவனுக்குத் தெரியணும்.

அப்புறம் நான் சொல்லித் தர்றத கொறச்சேன், வாயசைவு மட்டும், அப்புறம் சும்மா புருவத்தத் தூக்குறது, அப்புறம் அதுவும் இல்ல. 'எது?' நல்லா பிடிபட்டதும் "என்னது?", வேணும்னே வாய மூடிக்கிட்டு முணுமுணுன்னு சொல்லி. அதுக்கப்புறம்தான் "புரியல", அவன் அதுவரைக்கும் கேட்டே இருக்காத ஒரு வார்த்தையச் சொல்லி. பத்து வாய்ப்பு கொடுத்தா மொத வாரம் 0, ஆறாவது வாரம் 6, பத்தாவது வாரம் 8. கேட்டு ஞாபகம் வச்சுக்குறதவிட கண்ணால பாத்து ஞாபகம் வச்சுக்குறதுல இந்தப் புள்ளைங்க கெட்டி, அதனால காதுல கை வச்ச ஒரு படத்த பட்டறைச் செவுத்துல ஒட்டி வச்சேன், மாட்டிக்கிட்டா அதப் பாத்துட்டுச் சொல்லுவான்.

நடுவுல நான் ஒரு தப்புப் பண்ணேன். அவன் புரியலன்னு சொன்னப்பல்லாம் கைதட்டி, சூப்பர்னு கத்தி, ரொம்பக் கொண்டாடிட்டேன். ஒரு வாரம் பூரா எதச் சொன்னாலும் புரியல. சோறு சாப்பிட வா, புரியல. பழைய ஆமா எடத்துல புது ஆமா வந்து உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம் தெளிவான பேச்சையும் தெளிவில்லாத பேச்சையும் கலந்து கலந்து கொடுத்து, தெளிவானதுக்கு அவன் காரியத்தப் பண்ணா அதுக்கும் அதே பாராட்டு, தெளிவில்லாததுக்குக் கேட்டா விளக்கம் மட்டும்னு மாத்தினோம். ரெண்டு வாரத்துல சரியாச்சு. பாராட்டவிட விளக்கம் கெடைக்குறதுதான் அதுக்குச் சரியான கூலின்னு நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

மஞ்சப் பை

அவனுக்குப் பேச விஷயம்னா ஒண்ணே ஒண்ணுதான், பஸ். யாரு வந்தாலும் "பஸ் எத்தன மணி?". பதில் சொன்னாலும் மறுபடி அதே. இத விடாப்பிடிப் பேச்சுன்னு சொல்லி அடக்கச் சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவன்கிட்ட இருக்குற ஒரே சாவி அது, அதையும் புடுங்கிட்டா எதால கதவத் தெறப்பான்? நாங்க என்ன பண்ணோம்னா பஸ்லேர்ந்து ஒரு அடி தள்ளிக் கூட்டிப்போனோம். "பஸ் பத்து மணி. நேத்து நான் பஸ்ல போனேன், கூட்டம்." சொல்லிட்டு பணியாரம். முதல்ல மறுபடி எத்தன மணி. அப்புறம் ஒரு நாள் "கூட்டம்… நின்னியா?". அது சொந்தமா அவன் கேட்ட மொதக் கேள்வி, நேரத்தத் தவிர.

கூடவே கல்யாண வீட்டுல கொடுத்த மஞ்சப் பை ஒண்ண வாசல் ஆணியில மாட்டினோம். தெனமும் நடந்ததுல ஒரு மிச்சம் அதுக்குள்ள போகணும். பஸ் டிக்கெட், ஒடஞ்ச டைல் சில்லு, குன்றக்குடி போன அன்னைக்கு விபூதிப் பொட்டலம், கந்தரப்பம் சுத்தி வந்த காயிதம். நேத்து என்ன நடந்துச்சுன்னு வாயால கேட்டா அவனால எடுத்துச் சொல்ல முடியாது, அந்தச் சில்லக் கையில எடுத்தா சொல்லுவான், "அப்பா. கீழ. ஒடஞ்சு. திட்டு." நாலு சொல்லு, ஒரு கதை, யாரு எது என்னாச்சு எல்லாம் இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க பையப் பாத்து இது ஏதுடான்னு கேப்பாங்க, அந்தக் கேள்விக்கு ஆமான்னு பதில் சொல்ல முடியாது பாருங்க.

தங்கச்சியையும் எதுத்த வீட்டுப் பசங்க ரெண்டு பேரையும் நான் தனியாக் கூப்பிட்டுச் சொன்னது மூணே விஷயம், அவன் எடது பக்கம் வாங்க, அவன் சொன்னதத் திருப்பிச் சொல்லி ஒண்ணு சேர்த்துச் சொல்லுங்க, அவனுக்காக நீங்க பதில் சொல்லாதீங்க. தங்கச்சிக்கு மூணாவதுதான் முடியல, பாசத்துல முந்திக்கிட்டுச் சொல்லிருவா. பசங்க ரொம்ப நல்லாப் பண்ணாங்க. கோலி ஆடும்போது "உன் ஆட்டம், என் ஆட்டம்"னு சொல்றது பேச்சுலயும் வந்துச்சு.

அப்பத்தா கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்லுவாங்க, கொட்டலன்னா கதை நிக்கும். இது நம்ம வீடுகள்ல காலங்காலமா இருக்குற பேச்சுப் பயிற்சி, நாங்க படிப்புல வேற பேரு வச்சுப் படிச்சோம். ஆனா உம்முக்குப் பின்னாடியும் புரியாமை ஒளிஞ்சுக்கும். அதனால அப்பத்தா கதைக்கு நடுவுல வேணும்னே ஒண்ணு மாத்திச் சொல்லுவாங்க, நரி பறந்துச்சுன்னு. முதல்ல உம். தை மாசம் வாக்குல "அப்பத்தா, இல்ல!"ன்னு கையத் தட்டினான். 'இல்ல'ங்குற சொல்லு அவன் வாயிலேர்ந்து வந்தத அன்னைக்குத்தான் நான் கேட்டேன்.

மரியாத விஷயமும் ஒண்ணு. எல்லாரையும் வா, போன்னுதான் சொல்லுவான், இந்த ஊருல அத யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க, குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சவங்க கூட மொகஞ்சுளிப்பாங்க. "வாங்க"ங்குற ஒத்தச் சொல்ல வாசல்ல நின்னு சொல்லப் பழக்கினோம், அது பேச்சத் தொடங்குறது. பாதியில எந்திரிச்சு ஓடுறதுக்குப் பதிலா "வர்றேன்", அது முடிக்குறது. இந்த ரெண்டு சொல்லும் வந்ததும் தெருவுல உள்ளவங்க அவன்கிட்ட நின்னு பேச ஆரம்பிச்சாங்க, பேச ஆளு இருந்தாத்தானே பேச்சு.

எண்ணிக்கையும், ஆகாததும்

ஐப்பசி கார்த்திக மழையில சளி பிடிச்சு எடது காதுலயும் மறுபடி நீர் கட்டிக்கிச்சு, மூணு வாரம் எல்லாம் சரிஞ்சு போச்சு, பத்து வாய்ப்புல 8லேர்ந்து 3க்கு வந்துருச்சு. அம்மா ஒடஞ்சு போயிட்டாங்க. காது தெளிஞ்சதும் பத்து நாள்ல பழைய நெலமைக்கு வந்தான், அதனால கத்துக்கிட்டது போகல, கேக்காமத்தான் இருந்துருக்கான்னு எழுதி வச்சுக்கிட்டேன்.

தை கடைசில அதே அடுப்படி, அதே 12 நிமிசம். பெரியவங்க கேள்வி 29. அவனா ஆரம்பிச்சது 13, அதுல பஸ் 4தான். ஆமாவும் ம்மும் 11. எது, என்னது, புரியல மூணும் சேர்த்து 6. ஒரே புள்ள, ஒரே வீடு, எண்ணினதும் நானே, அதனால இத வச்சு எல்லாப் புள்ளைக்கும் இப்படி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். காது தெளிஞ்சதுல எவ்வளவு, நாங்க அடங்குனதுல எவ்வளவு, சொல்லிக் கொடுத்ததுல எவ்வளவுன்னும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வெளியில இன்னும் பாதிக் கெணறுதான். காரைக்குடி பஸ்ல ஒரு நாள் கண்டக்டர் நெரிசல்ல வேகமா என்னமோ கேட்டாரு, தம்பி அவரப் பாத்து காதுல கை வச்சு "என்னது?"ன்னான், அவரு குனிஞ்சு "எங்க எறங்கணும்ப்பா?"ன்னாரு, "ஆத்தங்குடி"ன்னான். அம்மா பக்கத்துலயே வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம், பதில் சொல்லாம இருக்க. பள்ளிக்கூடத்துல இன்னும் ஆமாதான். 38 புள்ளைங்க சத்தத்துல டீச்சர் கொரலு அவனுக்குப் போயி சேருதான்னே சந்தேகம், முன் பெஞ்சுல டீச்சருக்கு எடது காது படுற மாதிரி எடம் கேட்டிருக்கோம்.

போன்தான் சுத்தமா வரல. சிங்கப்பூர்லேர்ந்து மாமா ஞாயித்துக்கெழமை கூப்பிடுவாரு, நல்லாருக்கியா, ஆமா, படிக்கிறியா, ஆமா, மாமா வரட்டுமா, ஆமா, அவ்வளவுதான், போன அம்மாகிட்ட நீட்டிருவான். மொகம் தெரியல, வாயசைவு தெரியல, கையில பிடிக்க ஒண்ணும் இல்ல. இந்த மாசத்துலேர்ந்து வீடியோ காலா மாத்தச் சொல்லியிருக்கேன், கூப்பிடுறதுக்கு முன்னாடி மஞ்சப் பைலேர்ந்து ஒண்ண எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காரணும், மாமாகிட்டயும் கேள்விய விட்டுட்டு அவரு ரூம்ல உள்ள ஏதாச்சும் ஒண்ணக் காட்டிட்டு சும்மா இருக்கச் சொல்லணும். மாமாவுக்கு பணியாரக் கணக்க அப்பத்தாதான் சொல்றேன்னிருக்காங்க.